பச்சை வண்டிக்கு ஒரு முகத்திரை

ஒகாலாவில் நாற்பது வருடம் கார்களுக்குப் பெயின்ட் அடித்தவர் ஹாலிஸ். தனக்கென்று அடித்துக்கொண்டது ஒரே ஒரு வண்டிக்குத்தான்: 1957-ஆம் வருடத்து ஷெவர்லே. யாரோ கோழி அடைத்து வைத்திருந்ததை வாங்கிவந்து, இரண்டு வருடம் தட்டி நிமிர்த்தி, பன்னிரண்டு பூச்சு இளம்பச்சை அடித்தார். கடைசிப் பூச்சு காய்ந்த கோடையில் அவர் பார்வையின் ஓரங்கள் இருளத் தொடங்கின. அடுத்த வருடத்துக்குள் முழுவதும் போய்விட்டது. அதன் பிறகு வண்டியை ஓட்டுவது மனைவி வெர்டெல். பக்கத்தில் உட்கார்ந்து குறை சொல்வது ஹாலிஸ்.

மே மாதமும் செப்டம்பரும் மட்டும் வண்டி கொட்டகையை விட்டு நகராது. அப்போதுதான் காதல் பூச்சிகள் கிளம்பும். ஆணும் பெண்ணும் வால் கோத்தபடியே பறந்து, மேகம் மேகமாக நெடுஞ்சாலைக்கு வந்து, வண்டிகளின் முகத்தில் அப்பிச் சாகும். வெயிலில் சில மணி நேரம் விட்டாலே பெயின்டையே அரித்துவிடும்.

ஹாலிஸின் அக்கா யூலாவுக்குத் தொண்ணூறு நிறைவது ஒரு மே மாத ஞாயிற்றுக்கிழமையில். வடக்கே இரண்டரை மணி நேரத் தொலைவில் இருக்கும் வால்டோஸ்டாவிலிருந்து போன் செய்தாள்.

"டேய், எனக்குப் பரிசெல்லாம் வேணாம். உன் பச்சை வண்டியில உக்காந்து சர்ச்சுக்குப் போகணும். அவ்வளவுதான்."

"அக்கா, இது பூச்சி சீசன்..."

"அடுத்த சீசனுக்கு நான் இருப்பேன்னு எழுதிக் குடுக்குறியா?"

அன்று மாலையே ஹாலிஸ் ஜன்னலுக்கு அடிக்கும் கொசுவலையில் நான்கு கெஜம் வாங்கிவரச் சொன்னார். வெர்டெல் அதன் ஓரமெல்லாம் பழைய போர்வைத் துணி வைத்துத் தைத்தாள், பெயின்டில் கீறல் விழாமலிருக்க. ஹாலிஸ் விரலால் அளந்து அளந்து, விளக்குகளுக்கு ஓட்டை வெட்டச் சொல்லி, பானட்டின் விளிம்பிலிருந்து பம்பருக்கு அடிவரை இழுத்துக் கட்டினார். பூச்சி ஒட்டாமலிருக்கப் பம்பருக்குக் குழந்தைகளுக்குத் தடவுகிற எண்ணெயை வழித்துப் பூசினார்.

"கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கு," என்றாள் வெர்டெல்.

"நம்ம கல்யாணத்துல உனக்குக்கூட இவ்வளவு செலவு பண்ணலயே!"

"அதான் தெரியுமே."

பூச்சிகள் கிளம்புமுன், சனிக்கிழமை விடியும்போதே புறப்பட வேண்டும் என்பது ஹாலிஸின் உத்தரவு. ஆனால் யூலாவுக்கென்று செய்த கேக்கின் மேல் ஊற்றிய சர்க்கரைப் பாகு இறுகவில்லை. அது இறுகிக் கிளம்பும்போது மணி பத்தரை.

வழியில் கெய்ன்ஸ்வில்லுக்கு முன்னால் சதுப்பு வெளி வந்ததும் மழை போலப் பூச்சிகள் வந்து விழுந்தன. கண்ணாடி மங்கியது. பத்து நிமிடத்தில் வலை முழுக்க அடைத்துக்கொண்டு, ரேடியேட்டருக்குக் காற்றே போகவில்லை. சூடு காட்டும் முள் மெல்ல ஏறியது. வெர்டெல் அதைப் பார்த்தாள்; ஹாலிஸைப் பார்த்தாள். எஞ்சினின் சூட்டை உள்ளே இழுத்துக்கொள்வதற்காக ஹீட்டரைப் போட்டாள்.

"ஏன் வெர்டெல், மே மாசத்துல ஹீட்டரா? கண்ணுதான் போச்சு, தோல் இன்னும் இருக்கு."

இன்னும் இரண்டு மைல் அவர் சட்டை நனைந்தபடி உட்கார்ந்திருந்தார்.

"முள்ளு எங்க நிக்குது?"

"...சிவப்புக்குப் பக்கத்துல."

"ஓரங்கட்டு."

நிறுத்தினாள். அவர் கதவைப் பிடித்துக்கொண்டே முன்னால் வந்து வலையைத் தொட்டார். கைக்கு ஈரக் கம்பளி போல வந்தது.

"திரும்பிப் போயிடலாமா?" என்று கேட்டாள் வெர்டெல். "யூலாகிட்ட நான் பேசிக்கிறேன்."

"என்னன்னு பேசுவ? தம்பிக்குத் தொண்ணூறு வயசு அக்காவ விடப் பெயின்டு பெருசுன்னா? வலையக் கழட்டிடலாம்."

முடிச்சுகளை அவரே அவிழ்த்தார். மீதி வழியெல்லாம் மெதுவாக, திறந்த முகத்தோடு போனார்கள். ஒவ்வொரு பூச்சி விழும் சத்தத்துக்கும் அவர் தோள் லேசாகக் குறுகியதை வெர்டெல் பார்த்தாள். ஒரு கையால் வண்டியை ஓட்டி, மறு கையால் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வால்டோஸ்டாவில் கட்டிப்பிடித்த அக்காவிடம், "ஒரு மணி நேரம் குடு," என்று சொல்லிவிட்டு ஹாலிஸ் வாளியோடு மண்டியிட்டார். துணி உலர்த்தும் மெஷினில் போடுகிற வாசனைத் தாளை நனைத்து, அழுத்தாமல் வட்டம் வட்டமாகத் துடைத்தார். வெர்டெல் பக்கத்தில் நின்று "இடப்பக்கம், இன்னும் கீழ" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எல்லாம் போன பிறகு முன்பக்கம் முழுவதையும் விரல்நுனியால் தடவிப் பார்த்தார். இடது விளக்குக்கு மேல் விரல் நின்றது.

"இங்க எப்படி இருக்கு?"

ஒன்றுமில்லை என்று சொல்லிவிட வெர்டெலுக்கு நாக்கின் நுனிவரை வந்தது.

"மங்கிப்போச்சு. காசளவுக்கு ஒரு இடம். வெயில்ல பாத்தா தெரியும்."

ஹாலிஸ் அந்த இடத்திலிருந்து விரலை எடுக்கவில்லை.

"ஆறு வருஷமா, அன்னைக்கு அடிச்ச மாதிரியே இருக்குன்னு சொல்ற. எனக்காகச் சொல்றியோன்னு நெனச்சேன். பாவம், கண்ணில்லாதவன்னு..."

"நானா?"

"இன்னைக்கு இதச் சொன்ன பாரு. அப்ப மத்ததெல்லாம் நெசம்தான். இன்னும் பச்சையாத்தான் இருக்கு."

"பச்சையாத்தான் இருக்கு," என்றாள் வெர்டெல். அவர் எழுந்து, ஈரக் கையாலேயே அவள் கன்னத்தைத் தேடித் தொட்டார்.

ஞாயிற்றுக்கிழமை யூலா மஞ்சள் தொப்பி போட்டுக்கொண்டு முன் இருக்கையில் ஏறினாள். ஹாலிஸைப் பின்னால் போகச் சொல்லிவிட்டாள். சர்ச்சுக்கு நான்கே தெரு. வாசலில் எல்லாரும் கைதட்டிக் காத்துக்கொண்டிருந்தார்கள்.

"நிக்காத வெர்டெல்," என்றாள் யூலா. "இன்னொரு சுத்து போ. பாஸ்டர் காத்திருப்பாரு."