ஜக்கம்மாள் போட்ட மார்க்கு

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை ஒளிக்கப்போவதில்லை. ஓர் அட்டவணையைப் பார்த்து எனக்கு வந்த கோபத்திலிருந்து. ஆறு நாட்டு ஊர்களில் மக்களின் மனத்திடத்தை ஒரே கேள்வித்தாளால் அளந்திருந்தார்கள். முதலிடம், திருச்சுழிப் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்கு. 'வெயிலில் வெந்த மண் தன் மக்களுக்கு உறுதியை...' என்று ஆரம்பித்தேன். பச்சைப் பொய். அடித்துவிட்டேன், அடித்த கோடு தெரியட்டும்.

2

ரோஷினி மல்லாங்கிணறுக்காரி. ஒரு நாளைக்கு அந்தக் கேள்வித்தாளில் இருபது நிரப்பித் தருவது வேலை. அன்று போனது அந்தக் கிராமத்து ஜக்கம்மாள் வீட்டுக்கு.

பட்டாசு ஆலை வெடித்த அன்று ஜக்கம்மாள் உயிரோடு வெளியே வந்தார். கூட வேலைபார்த்த தங்கச்சி வரவில்லை. அதிலிருந்து அவரால் தீக்குச்சி உரச முடியாது. ரோஷினிக்கு டீ போட, அடுத்த வீட்டு ராஜேஸ்வரி வந்து அடுப்பைப் பற்றவைத்துவிட்டுப் போனாள்.

(கேள்வித்தாளில் அடுப்பைப் பற்றிக் கேள்வி இல்லை.)

"இது முடிஞ்சதும் மனசு விட்டுப் பேச ஒரு டாக்டரம்மா வாராவாரம் வருவாகக்கா," என்றாள் ரோஷினி. அவர் வருவது மார்க்கு குறைந்த ஊருக்கு மட்டும்தான் என்பதைச் சொல்லக்கூடாது என்று உத்தரவு.

"எவ்வளவு பெரிய அடி விழுந்தாலும் எழுந்துவிடுவேன்," என்று தாளைப் பார்த்து வாசித்தாள். "ஒண்ணுலருந்து அஞ்சுக்குள்ள எவ்வளவுக்கா?"

"அஞ்சு."

"கஷ்டத்திலும் எனக்கு நல்ல தூக்கம் வருகிறது."

"அஞ்சு போடு பாப்பா."

எல்லாக் கேள்விக்கும் அஞ்சு. கடைசியில் அவர் கண் கலங்கியது என்று... இல்லை, கலங்கவில்லை. டீ ஆறுகிறதே என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

3

வாசலில்தான் விஷயம் புரிந்தது.

"ஒங்க சார்ட்ட காட்டு. எதுலயும் ஒனக்கு நான் கொறைக்கல. இந்த வெயில்ல வந்து பொறுமையாக் கேட்ட புள்ளைக்கு எப்படிக் கொறைப்பேன்?"

ரோஷினிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அக்கா, மார்க்கு எனக்கில்ல, ஒங்களுக்கு."

"எனக்கெதுக்கு மார்க்கு? நானா பரீச்சை எழுதுனேன்?"

(சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். அந்தத் தெருவே அப்படித்தான் போட்டிருந்தது.)

வேனில் இருந்த மேற்பார்வையாளர் மதன்குமாரிடம் சொன்னாள். "நம்ம திருத்துனா டேட்டா கெட்டுப்போகும். அவுக சொன்னதுதான் பதிலு," என்றார். ரோஷினி தாள்களை அடுக்கிக் கொடுத்துவிட்டாள். இங்கே அவள்மேல் எனக்கு ஆத்திரமாக வருகிறது. அவளை அப்படி எழுதிய என்மேலும்தான்.

4

முடிவு அ: ரோஷினி தாள்களைக் கிழித்தெறிகிறாள். வீண். மறுநாள் வேறொருத்தி வருவாள், அவளுக்கும் ஜக்கம்மாள் அஞ்சுதான் போடுவார்.

முடிவு ஆ: ஒருநாள் ஜக்கம்மாள் தானே தீக்குச்சியை உரசி... மாட்டேன். அதை எழுதினால் நானும் அட்டவணைக்காரர்களோடு சேர்ந்துவிடுவேன். இந்த மக்கள் எதையும் தாங்குவார்கள் என்பதைப்போல் வசதியான பேச்சு வேறு இல்லை. தாங்கச் சொன்னது யார்?

5

டாக்டரம்மா மார்க்கு குறைந்த வேறு ஊருக்குப் போய்விட்டார். இரண்டு மாதம் கழித்து ரோஷினிக்குப் போன் வந்தது.

"பாப்பா, ஜக்கம்மா பேசுறேன். அந்த டாக்டரம்மா எந்தக் கெழம வருவாக? சொன்னீன்னா அன்னைக்குப் பருத்தி எடுக்கப் போகாம வீட்ல இருப்பேன்."

ரோஷினி வாயில் வைக்க என்னிடம் ஒரு வாக்கியம் இல்லை. 'அக்கா, நீங்க ரொம்பத் திடமா இருக்கிறதால...' எழுதிப் பார்த்தேன், கை கூசுகிறது. நீங்கள் சொல்லுங்கள். லைனில்தான் இருக்கிறார்.