வாணியைக் கேட்கவும்

அழகர்கோவில் அடிவாரத்தில் அக்கா மகனுக்குக் காதுகுத்து. பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார்ந்து ஊரைக் கூட்டிக்கொண்டிருக்க, தமிழ்வாணி ஒரு ஓரமாய் காதில் இயர்போனைச் செருகினாள். பிறவியிலேயே பார்வையில்லாத அவளுக்குத் திரையில் இருப்பதைப் போன் வாசித்துச் சொல்லும். மதுரை கே.கே. நகரில் அவள் வேலை பார்க்கும் அலுவலகம், டாக்டரைப் பார்க்க டோக்கன் எடுப்பதற்கென்று ஒரு மருத்துவமனைக்காகச் செய்த செயலி மறுநாள் நோயாளிகள் கைக்குப் போகிறது. லீவு போட்டவள் பேசாமல் இருந்திருக்கலாம், மனசு கேட்கவில்லை.

முதல் பொத்தானைத் தொட்டாள். "வாணியைக் கேட்கவும்" என்றது போன். அடுத்த பொத்தானும் அதையே சொன்னது. டாக்டர் படத்திலும் அதேதான்.

சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, பின்னாலேயே கோபமும். ஒவ்வொரு படத்துக்கும் பொத்தானுக்கும் காதில் விழுகிற மாதிரி ஒரு விளக்கம் எழுத வேண்டும். வரைகிற வித்யாஸ்ரீயும் புரோகிராம் எழுதுகிற மருதுவும் அந்த இடத்தில் 'வாணியைக் கேட்கவும்' என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். கடைசி நாளில் வாணி உட்கார்ந்து நிரப்புவாள். படத்தில் என்ன இருக்கிறதென்று அவர்களிடமே கேட்பாள். "டாக்டர் படம்" என்பார்கள். அவளும் அப்படியே எழுதுவாள். இந்த முறை அவள் ஊரில் இல்லை என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை. நாளைக்குக் காய்ச்சலோடு பார்வையில்லாத ஒருவர் டாக்டரை விட்டுவிட்டு வாணியைத் தேட வேண்டியதுதான்.

மருதுவுக்குப் போன் போட்டுச் சொன்னாள்.

"ஆத்தாடி! வாணி, நீ ஒக்காந்தீன்னா சட்டுன்னு முடிச்சிருவ. லேப்டாப் வச்சிருக்கீல்ல?"

வைத்திருந்தாள், பையில். முடித்துக் கொடுத்தால் பாராட்டுவார்கள். அடுத்த வேலையிலும் அவள் பெயரே கிடக்கும்.

"நான் செய்யலண்ணே. நீங்களும் வித்யாவும் திரைய அணைச்சுட்டு, போன் சொல்றத மட்டும் கேட்டு ஒரு டோக்கன் போட்டுப் பாருங்க. எங்க முட்டுதோ அங்க எழுதுங்க. நான் சாப்பிடப் போறேன்."

போனை வைத்தாள். அதுவரை வேலையில் அவள் முடியாது என்று சொன்னதே இல்லை. கறிச்சோறு பாதிதான் இறங்கியது.

சாயங்காலம் மேலூர் பஸ்ஸில் இருக்கும்போது வித்யாஸ்ரீ கூப்பிட்டாள். "வாணி, சத்தியமா முதல் பக்கத்தையே தாண்ட முடியல. நான் வரைஞ்ச காலண்டர்லயே நான் மாட்டிக்கிட்டேன். எனக்கே அழுகை வந்துருச்சு. அம்புட்டையும் மாத்திட்டோம். கேட்டுப் பாரு."

வாணி செயலியைத் திறந்தாள். "டோக்கன் எடுக்க." "தேதியை மாற்ற." எல்லாம் ஒழுங்காக வந்தது. விரல் டாக்டர் படத்துக்கு நகர்ந்தது.

"ரோஸ் புடவை கட்டிய டாக்டரம்மா. லேசாகச் சிரிக்கிறார். காதில் ஜிமிக்கி."

நோயாளிக்கு ஜிமிக்கி எதற்கு? நாளைக்குச் சொன்னால் குறைத்துவிடுவார்கள். இந்தப் படத்தோடு இத்தனை மாதம் வேலை பார்த்திருக்கிறாள், அது ஒரு பெண் என்றுகூட அவளுக்குத் தெரியாது. விரலை எடுத்து மறுபடியும் அதே இடத்தில் வைத்தாள்.