கதிர்க்கட்டுக்கு வராத பறவைகள்

மியோசா ஏரிக்கு மேலே, சரிவில் நிற்கும் அந்த மஞ்சள் நிற மரவீட்டை நாங்கள் ஜூலை மாதத்தில் அரை ஆண்டுக்கு மட்டுமே வாடகைக்கு எடுத்தோம். அரை ஆண்டு என்பது என் மனைவி யோருன் விதித்த வரம்பு. அவள் முப்பத்தொரு ஆண்டுகள் ஆஸ்லோ நகரில் டிராம் ஓட்டியவள். நாள்தோறும் ஆயிரம் முகங்களைப் பார்த்துப் பழகியவள். அத்தகையவளை வேலியும் ஏரியும் மட்டுமே கண்ணில் படும் ஓர் இடத்துக்கு அழைத்து வருவதற்கு நான் ஒரு வாக்குறுதி அளிக்க வேண்டியிருந்தது. குளிர்காலத்தில் பறவைகள் சமையலறை ஜன்னலுக்கே வரும் என்றும், காலைக் காப்பியை அருந்தியபடி அவற்றைப் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்றும் சொன்னேன்.

"சரி, கிறிஸ்துமஸ் வரைக்கும் பாக்குறேன்" என்றாள். "உன் பறவைங்க வரலைன்னா நான் ஆஸ்லோவுக்கே போயிடுவேன். நீ வர்றதும் வராததும் உன் இஷ்டம்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆயினும், சொல்லிவிட்டுச் செய்யாமல் இருக்கும் வழக்கம் அவளுக்கு இல்லை. வீட்டுக்காரர் ஸ்வெர்ரேவும் தம் பங்குக்கு ஒரு நாளைக் குறித்திருந்தார். டிசம்பர் இருபத்துமூன்றாம் தேதிக்குள் நாங்கள் பதில் சொல்லியாக வேண்டும். இல்லையேல் புத்தாண்டிலிருந்து வேறொரு குடும்பம் குடிவந்துவிடும்.

எனக்கு அந்த வீடு வேண்டியிருந்தது. முப்பத்தாறு ஆண்டுகள் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைந்த பின்னர், அறுபத்துமூன்றாம் வயதில்தான் நான் முதன்முதலாக ஒரு நல்ல கேமராவை வாங்கினேன். மாலை வகுப்பில் சேர்ந்து, ஒளியையும் தூரத்தையும் முறையாகக் கற்றேன். அங்கு கற்றவற்றுள் தலையாயது இது: பறவைப் படத்தில் பாதிதான் பறவை, மறுபாதி பின்னணி. ஆகவே தோட்டத்திலிருந்த பிளாஸ்டிக் நாற்காலி, வாளி, துணிக்கொடி ஆகிய அனைத்தையும் அப்புறப்படுத்தினேன். நவம்பரில் யோருன் ஒரு பை சூரியகாந்தி விதை வாங்கி வந்து, அதைப் போட்டுவைக்க ஒரு தட்டு வேண்டும் என்றபோது, அது காட்சியைக் கெடுத்துவிடும் என்று விளக்கி, பையைக் கொட்டகையில் வைத்துவிட்டேன். தோட்டத்தில் ஒரே ஒரு கம்பம், அதன் உச்சியில் ஓட்ஸ் கதிர்க்கட்டு, அதற்குப் பின்னால் அடர்ந்த ஸ்ப்ரூஸ் மரம், கீழே கால்தடம் படாத பனி. நான் மனத்தில் வரைந்திருந்த படம் அதுவே.

கிறிஸ்துமஸுக்கு முன்பு பறவைகளுக்காகக் கதிர்க்கட்டு வைக்காத வீடு எங்கள் பக்கத்தில் இல்லை. யார் வீட்டுக் கட்டுக்குப் பறவைகள் முதலில் வருகின்றன என்பதை எல்லோரும் கவனிப்பார்கள். யாரும் கவனிப்பதில்லை என்றும் எல்லோருமே சொல்வார்கள். நான் டிசம்பர் முதல் சனிக்கிழமையன்று ஹாமர் சந்தைக்குச் சென்று, முழங்கையளவு பருமன் உள்ள கட்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்து வந்து, சமையலறை ஜன்னலிலிருந்து சரியாக நான்கு மீட்டர் தொலைவில் நிறுத்தினேன்.

மறுநாள் காலையில் ஏரிக்காற்று தன் வேலையைக் காட்டியிருந்தது. கதிர்களிலிருந்து மணிகள் உதிர்ந்து பனியின்மேல் சிதறிக் கிடந்தன. இவ்வாறு போனால் ஒரு வாரத்தில் வெறும் வைக்கோல்தான் மிஞ்சும் என்பது தெளிவாயிற்று. உலர்ந்த கதிர்களைக் கொண்டு வீட்டை அலங்கரிப்பது பற்றிய ஒரு கையேட்டில், மணிகள் உதிராமலிருக்க ஹேர் ஸ்பிரே அடிக்கலாம் என்று முன்பு படித்தது நினைவுக்கு வந்தது. குளியலறையிலிருந்த யோருனின் டப்பாவை எடுத்துச் சென்று, பத்து நிமிட இடைவெளி விட்டு, மூன்று பூச்சுகள் அடித்தேன். கதிர்கள் நிமிர்ந்து, பொன்னிறமாக மின்னின. டப்பாவை இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தேன். அவளிடம் சொல்லவில்லை, சொல்லுமளவுக்கு அது பெரிய செய்தியாக எனக்குப் படவில்லை.

அதன் பின்னர் ஒரு மணிகூட உதிரவில்லை. ஒரு பறவையும் வரவில்லை.

முதல் வாரத்தில் குளிர் போதவில்லை என்று நினைத்தேன். வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே பதினான்கு பாகைக்கு இறங்கியபோது, குளிர் அதிகம் என்று நினைத்தேன். அடுத்ததாக ஜன்னல் திரையைச் சந்தேகித்தேன். பக்கத்து வீட்டு மாக்னிலின் பூனையையும் சந்தேகித்தேன். ஆனால் பூனை இருந்த வீட்டிலேயே பறவைகள் குவிந்தன. எழுபத்துநான்கு வயதான மாக்னில், ஓய்வுபெற்ற தபால்காரி. தம் கதிர்க்கட்டைத் துணிக்கொடிக் கம்பத்தில், நீல நைலான் கயிற்றால், கோணலாகக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். சிட்டுக்குருவிகளும் பட்டாணிக் குருவிகளும் மஞ்சள் தலைக் குருவிகளும் அதில் தலைகீழாகத் தொங்கிச் சண்டையிட்டன. பதினான்காம் தேதியன்று வேலியோரம் நின்று, ஒரே நேரத்தில் இருபத்தாறு பறவைகளை எண்ணினேன்.

"என்ன ஹால்வர், ரெண்டு நாளா பீரங்கிய என் வீட்டுப் பக்கமே நீட்டிட்டு நிக்கிற?" என்று மாக்னில் வாசலிலிருந்து கூவினார். "என்னைத்தான் படம் புடிக்கிறியோன்னு இன்னிக்குத் தலைய வேற வாரிட்டு வந்தேன்!"

"உங்க கட்டை எங்க வாங்குனீங்க?"

"உன் கட்டு எங்கயோ அங்கதான். அதே சந்தை, அதே ஆளு. உன்னுது பாக்க அழகா இருக்கு. என்னுது பாக்கச் சகிக்கல. குருவிக்கு எது புடிக்கும்னு குருவியத்தான் கேக்கணும்."

இந்த உரையாடலை யோருன் ஜன்னலருகே இருந்து கேட்டிருக்க வேண்டும். தொடக்க நாட்களில் அவள் இருள் விலகும் முன்பே நாற்காலியை ஜன்னலருகே இழுத்துப் போட்டுக்கொண்டு, இரண்டு கோப்பைக் காப்பி தீரும்வரை அமர்ந்திருப்பாள். பின்னர் அது ஒரு கோப்பையாயிற்று. பதினாறாம் தேதியன்று அவள் நாற்காலியை அறையின் பக்கமாகத் திருப்பிப் போட்டாள். பதினெட்டாம் தேதி, நான் காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அவள் ஆஸ்லோவிலிருந்த தன் தோழி பெந்தேவுடன் தொலைபேசியில் பேசுவது கேட்டது.

"ரெண்டு ரூம்தானா? பரவால்ல, எனக்குப் போதும்... இல்ல, இன்னும் அவன்கிட்ட சொல்லல. இருபத்துமூணு வரைக்கும் இருக்கட்டும், பாவம்."

அந்தக் கடைசிச் சொல்தான் என்னை மிகவும் வருத்தியது.

இருபதாம் தேதி நண்பகலில், மாக்னில் வெண்ணெயும் சர்க்கரையும் தடவிய லெஃப்சா ரொட்டிகளை ஒரு துணியில் சுற்றிக்கொண்டு வந்தார். வாசல் வழியாக வராமல், தபால்காரர்களுக்கே உரிய முறையில் குறுக்கு வழியாகத் தோட்டத்தைக் கடந்தார். கால்தடமற்ற என் பனியில் அவருடைய தடங்கள் நேர்கோடாக விழுந்தன. கம்பத்தருகே நின்று, கையுறையைக் கழற்றி, ஒரு கதிரை ஒடித்து உள்ளங்கையில் கசக்கினார். பிறகு அதை மூக்கருகே கொண்டுபோனார்.

"ஏம்ப்பா, இதுல என்ன சலூன் வாசனை அடிக்குது?"

வெளியே வந்திருந்த நான் உள்ளதைச் சொன்னேன். கையேட்டைப் பற்றியும் பத்து நிமிட இடைவெளியைப் பற்றியும்கூடச் சொன்னேன்.

"மூணு கோட்டா? என் கல்யாணத்துக்கே நான் ஒரு கோட்டுதான் அடிச்சேன்!" என்று அவர் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு அடங்குவதற்கு நேரம் பிடித்தது. அதற்குப் பின், கதிரை என் கையில் வைத்து, குரலைத் தாழ்த்தினார். "உன் பொண்டாட்டி கெளம்புறாள்னு தெரியும்ல? நேத்து என்கிட்ட காலி அட்டைப்பெட்டி இருக்கான்னு கேட்டா. இத நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

"நானே சொல்றேன்."

வேறொரு கட்டை வாங்கி வைத்துவிட்டு, நடந்ததை மறைத்துவிடலாமா என்று கதவு வரை நடந்த அந்தச் சில அடிகளில் எண்ணினேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சந்தை முந்தைய நாளே முடிந்துவிட்டது. மேலும், எனக்கு எஞ்சியிருந்தவை மூன்று நாட்கள்; உண்மையைச் சொல்வதற்கும் அவையே எஞ்சியிருந்தன.

யோருன் மேசையருகே அமர்ந்து ஒரு தாளில் எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். நான் கதிரை அவள் முன் வைத்து, எதையும் விடாமல் சொல்லி முடித்தேன். அவள் கதிரை முகர்ந்தாள்.

"போன வாரம் பாட்டுக் கச்சேரிக்குக் கெளம்புறப்போ அந்த ஸ்பிரே டப்பாவ அமுக்குறேன், அமுக்குறேன், காத்துதான் வருது" என்றாள். "பாதி டப்பாவ வித்துட்டான்னு கடைக்காரன்கிட்ட சண்டைக்குப் போனேன், ஹால்வர். அந்த ஆளு மன்னிப்புக் கேட்டு இன்னொண்ணு சும்மா குடுத்தான்."

"நான் போய்ப் பணம் குடுத்துடுறேன்."

"அது கெடக்கட்டும். பதினஞ்சு நாளா நான் என்ன நெனச்சிட்டு இருந்தேன் தெரியுமா? பக்கத்து வீட்டுல அத்தன பறவ. நம்ம வீட்டுல ஒண்ணுகூட இல்ல. இந்த ஊரு நம்மளச் சேத்துக்கலன்னு நெனச்சேன். பறவைகூடச் சேத்துக்கலன்னு."

அவள் எழுந்து, உறைபெட்டியிலிருந்து ஐஸ்கிரீம் டப்பாவை எடுத்து, அதன் மூடியை மட்டும் கழற்றிக் கழுவினாள். என் காலணியை மாட்டிக்கொண்டு வெளியே சென்றாள். கொட்டகையிலிருந்து விதைப் பையையும் நான் அப்புறப்படுத்தியிருந்த வாளியையும் கொண்டுவந்து, ஜன்னலை ஒட்டி வாளியைக் கவிழ்த்து, அதன்மேல் மூடியை வைத்து விதையைக் கொட்டினாள். மூடி இளஞ்சிவப்பு நிறம். அதில் ஸ்ட்ராபெரிப் படம் இருந்தது.

"பின்னணி..." என்று நான் தொடங்கினேன்.

"பின்னணியத்தான் ரெண்டு வாரமா பாத்தேன். ரொம்ப நல்லா இருக்கு. கொஞ்சம் தள்ளு."

ஸ்பிரே அடித்த கட்டைக் கம்பத்திலிருந்து இறக்கி, உள்ளே கூடத்துச் சுவரில் மாட்டினோம். அங்கே அது மிகப் பொருத்தமாக இருந்தது.

மறுநாள் காலை ஒன்பது நாற்பதுக்கு முதல் பட்டாணிக் குருவி வந்தது. ஒரு விதையைக் கொத்தியது, ஸ்ப்ரூஸ் மரத்துக்குப் பறந்தது, திரும்பியது. பத்து மணிக்குள் பதினொன்று வந்துவிட்டன. மேலிருந்து கொத்துபவை, கீழே விழுந்ததைப் பொறுக்குபவை, பிறர் வாயிலிருந்து பறிப்பவை என அவற்றுக்குள் ஓர் ஒழுங்கு இருந்தது. யோருன் நாற்காலியை மீண்டும் ஜன்னலின் பக்கமாகத் திருப்பியிருந்தாள்.

"அந்தா, அது டிக்கெட் எடுக்காம ஏறுற கேசு. பாரு, முன்னால ஏறி நடுவுல எறங்குது! இது ஆபீஸ் போறவரு, யாரையும் பாக்க மாட்டாரு. அய்யோ, அந்தக் குண்டு, ரெண்டு சீட்டு புடிச்சிட்டு உக்காந்திருக்கு."

இருபத்திரண்டாம் தேதி ஒரு டொம்பாப் ஜோடி வந்தது. வாழ்த்து அட்டைகளில் எப்போதும் கதிர்க்கட்டின் உச்சியில் வீற்றிருக்கும் அதே செம்மார்புப் பறவை, ஸ்ட்ராபெரிப் படத்தின்மேல் அமர்ந்து, எந்த அவசரமும் இன்றி விதையை உடைத்தது. சாம்பல் நிறப் பெட்டை வந்ததும் ஆண் பறவை ஓர் ஓரத்துக்கு ஒதுங்கிக்கொண்டது.

"எடு, எடு! அவ அவனத் தள்ளுறா பாரு. அத எடு!"

"கண்ணாடியில உன் கோப்பை தெரியுது."

"தெரியட்டுமே. குடிக்கிறது நான்தானே?"

எடுத்தேன். இரட்டைக் கண்ணாடி வழியாக, அரைகுறை ஒளியில், வாளியும் மூடியும் கோப்பையின் நிழலும் தெரிய எடுத்தேன். மாலை வகுப்பில் அந்தப் படத்தைக் காட்டினால் ஆசிரியர் மரியாதையாக வேறு பக்கம் பார்ப்பார். யோருன் அதைக் கேமராவின் திரையில் ஏழு முறை பார்த்து, பெந்தேவுக்கும் அனுப்பச் சொன்னாள். அனுப்பினேன். ஆஸ்லோவில் பார்த்திருந்த அந்த இரண்டு அறை வீட்டைப் பற்றி மட்டும் நான் எதுவும் கேட்கவில்லை. அட்டைப்பெட்டிகள் இரண்டு படிக்கட்டின் அடியில் இன்னும் காலியாகவே இருந்தன. ஆனால் அங்கேயேதான் இருந்தன.

இருபத்துமூன்றாம் தேதி, அரிசிக் கஞ்சி அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தபோது ஸ்வெர்ரே தொலைபேசியில் அழைத்தார். நான் கரண்டியோடு நின்றேன். யோருன்தான் எடுத்தாள்.

"ஆமா ஸ்வெர்ரே, ஞாபகம் இருக்கு, இன்னிக்குத்தான்... அதுக்கு முன்னாடி ஒரு விஷயம். சமையலறை ஜன்னலுக்குப் பெயின்ட் அடிச்சப்போ கதவையும் சட்டத்தையும் சேத்து ஒட்டிட்டாங்க. தொறக்கவே முடியல. ஒரு கை விதை போடணும்னா வீட்டையே சுத்தி முழங்கால் பனியில நடக்க வேண்டியிருக்கு... ஆமா, பறவைக்குத்தான். வேற யாருக்கு?"

மறுமுனையில் ஸ்வெர்ரே ஏதோ நீளமாகக் கேட்டார். கஞ்சி அடிப்பிடிக்கத் தொடங்கியிருந்தது, நான் கிளறவில்லை.

"ஜன்னலைத் தொறந்து குடுத்தா இருப்போம்" என்றாள் யோருன், என்னைப் பார்க்காமலே. "இருபத்தேழா? வாங்க. உளி, சுத்தி எல்லாம் நீங்களே கொண்டு வந்துடுங்க, இவன் கையில குடுத்தா அதுக்கும் ஏதாவது அடிச்சு வெப்பான். ஆனா ஒண்ணு, ஒம்போதுல இருந்து பதினொண்ணு வரைக்கும் வராதீங்க. அப்போதான் அதுங்க சாப்பிடும்."