இறக்கத்தில் வாங்கியது

"கண்ணாடியை எடு" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து கை நீட்டிய அப்பாவுக்கு அதை மாட்டிவிட்டு, அவருடைய செல்போனையும் கையில் கொடுத்தாள் மகள்.

லிஃப்ட் பழுது பார்த்த முப்பது வருடமும் சம்பளம் வந்த அன்றே ஒரு சிமெண்ட் கம்பெனியின் பங்குகளை வாங்கியவர் அவர். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தது. அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்தபோதுகூட ஒன்றையும் விற்கவில்லை. அந்தக் கோபம் மகளுக்கு இன்னும் ஆறவில்லை.

நாளை மறுநாள் அவருக்கு இதய அறுவை சிகிச்சை. பாதிப் பணத்துக்குத் தன் வளையல்களை அடகு வைத்து அவர் கணக்கில் போட்டிருந்தாள். மீதிக்குப் பங்குகளை விற்றாக வேண்டும். நாளை மதியத்துக்குள் கட்டாவிட்டால் தேதி தள்ளிப்போகும்.

"பாதி விலைக்கு இறங்கிக் கிடக்கு. இப்பப் போய் விக்கச் சொல்றியே?"

"உயிரோட இருந்தாதானேப்பா ஏறுறதைப் பார்க்க முடியும்?"

"சேர்க்கிறவன் இறங்கும்போதுதாம்மா வாங்கணும்."

"அப்பா!"

"சரி, கத்தாதே. உனக்கு இதெல்லாம் புரியாது. நானே போடறேன்."

சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்து வெகுநேரம் தட்டிக்கொண்டிருந்தார். "போட்டாச்சு. நாளைக்கு வந்துடும்" என்றார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. இத்தனை வருடப் பிடிவாதத்தைத் தனக்காக விட்டாரே என்று அவளுக்கு மனம் இளகிவிட்டது.

மறுநாள் பணம் கட்டும் இடத்தில் காசாளர் அப்பாவின் கார்டைத் திருப்பிக் கொடுத்தார். "கணக்குல ஒண்ணுமே இல்லையேம்மா."

அவள் கையோடு எடுத்து வந்திருந்த அப்பாவின் செல்போனைத் திறந்தாள். செய்தி வந்திருந்தது. நேற்று வாங்கிய முந்நூற்று இருபது பங்குகள் அவர் கணக்கில் சேர்ந்துவிட்டனவாம். விற்கவே இல்லை. வளையல் பணத்துக்கும் வாங்கியிருக்கிறார்.

"பாவி மனுஷா!" வாய்விட்டே சொல்லிவிட்டாள். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்காமல் விடுவதில்லை என்று மூன்று மாடியும் படியேறினாள்.

கட்டிலைச் சுற்றித் திரை இழுத்துவிட்டிருந்தது. நர்ஸ் எதிரே வந்தாள்.

"உங்களைத்தாம்மா தேடினோம். திடீர்னு மூச்சு நின்னுடுச்சு. டாக்டர் எவ்வளவோ பார்த்தார்."

நாற்காலியை இழுத்துப்போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். கோபம் இருந்தது. அழுகையும் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு செல்போனைப் பார்த்தாள். பிறகு குனிந்து, அவர் காதருகில் சொன்னாள்.

"அப்பா, இன்னைக்கு ரெண்டு ரூபா ஏறியிருக்கு."