ஆளுக்கு ஒரு பூட்டு

எனக்கு மூக்கு மேல் கோபம். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவளுக்கு வேறெப்படி இருக்கும்? ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் "பிரேக், பிரேக்!" என்று கத்திவிட்டு வீட்டுக்கு வந்து மெதுவாகப் பேசு என்றால் நடக்கிற காரியமா? என் தங்கை எனக்கு நேர் எதிர். ஊமைக்கோட்டான். நாலு கேள்வி கேட்டால் ஒன்றுக்குத்தான் பதில் வரும், அதுவும் சுருக்கமாக. அப்பா யார் வீட்டில் இருப்பது என்று மூண்ட சண்டையில் ஆறு மாதமாக அவள் என் காரில்கூட ஏறியதில்லை.

அன்று வக்கீலம்மா அலுவலகத்துக்கும் தனியாகத்தான் வந்து சேர்ந்தாள்.

அப்பாவுக்கு வந்திருப்பது மறதி நோய்தான் என்று டாக்டர் உறுதியாகச் சொல்லி இரண்டு மாதம். "புரிஞ்சுக்கிற நிலைமையில இருக்கறப்பவே பவர் பத்திரம் எழுதி வாங்கிடுங்க. அப்புறம் ஆஸ்பத்திரி, வீடு எல்லாத்துக்கும் கோர்ட்டுக்குத்தான் போகணும்" என்றார். அந்த நாளிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. தன் வைத்தியத்தையும் வீட்டையும் பார்த்துக்கொள்ள யார் என்பதை அப்பாவே தன் வாயால் சொல்ல வேண்டும். எழுதுவது தனக்குப் புரிகிறது என்று வக்கீலம்மாவுக்கும் தோன்ற வைக்க வேண்டும். நல்லபடியாக இருக்கிற ஒரு காலைப்பொழுது கிடைத்தால் போதும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். அன்று காலை அவரே சவரம் செய்து, சட்டைப் பொத்தானைச் சரியாகப் போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

வக்கீலம்மா தேதி கேட்டார், அப்பா சொன்னார். விலாசம் கேட்டார், பின்கோடோடு சொன்னார். எனக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது.

"உங்களுக்காகக் கையெழுத்துப் போட யாரை நியமிக்கிறீங்க, சார்?"

"என் பொண்ணுங்க ரெண்டு பேரையும்."

"ரெண்டு பேரும் சேர்ந்துதான் போடணுமா, இல்ல யாராவது ஒருத்தர் போட்டாப் போதுமா?"

"சேர்ந்துதான்."

"அதுல ஒரு சங்கடம் இருக்கு. ஒருத்தர் ஊர்ல இல்லன்னா, இல்ல ஒருத்தருக்கொருத்தர் ஒத்துப்போகலன்னா, எதுவுமே நகராது."

அப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். முப்பத்துநாலு வருஷம் மின்கம்பி வேலை பார்த்தவர். "மேடம், நாங்க லைன்ல ஏறுறதுக்கு முன்னாடி மெயின் சுவிட்சை இறக்கி, அதுல ஆளுக்கு ஒரு பூட்டுப் போடுவோம். என் சாவி என் பையில, அவன் சாவி அவன் பையில. ஒருத்தன் மட்டும் இறங்கி வந்து, எல்லாம் சரியாயிருக்கு, கரண்டைப் போடுன்னா நம்ப மாட்டோம். ரெண்டு பேரும் வந்து வாயால சொல்லணும். லேட்டாகும்தான். ஆனா என் லைன்ல ஒரு உயிர் போனதில்ல."

வக்கீலம்மா சிரித்துவிட்டார். "நான் பாக்குற பாதிப் பேருக்கு இந்த அளவுக்குப் புரியாது" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. தங்கையைப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள்.

"இவங்களால முடியாமப் போனா, மாற்று ஆளா யாரைப் போடலாம்?"

சித்தப்பா என்று பேசி வைத்திருந்தோம். வாரம் முழுக்கச் சொல்லிச் சொல்லிப் பழக்கியிருந்தேன்.

"என் சம்சாரம்" என்றார் அப்பா.

அம்மா போய் நாலு வருஷம் ஆகிறது. அப்பா அம்மாவின் முழுப்பெயரைச் சொன்னார். பிறந்த தேதியையும் சொன்னார். எனக்கே அந்தத் தேதி சட்டென்று வராது. வக்கீலம்மாவுக்கு ஒன்றும் தெரியாது, எழுதிக்கொண்டே போனார். மேசைக்கு அடியில் தங்கையின் கையை இறுகப் பிடித்தேன். வாயைத் திறக்காதே என்று அர்த்தம். திறந்தால் பத்திரம் போயிற்று. ஒரு பெயர்தானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்றுதான் அந்த நிமிஷம் நினைத்தேன். மறைக்க மாட்டேன்.

"அவங்களும் ஒரு கையெழுத்துப் போடணுமே. வந்திருக்காங்களா?"

"அவங்களால வர முடியாதுங்க" என்றேன். பாவி, பொய்கூட இல்லை அது.

"ஏன் முடியாது?" அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "காருலதானே உக்காந்திருக்கா! படி ஏறினா முட்டி வலிக்குமேன்னு விட்டுட்டு வந்தேன். பெரியவளே, போய் அம்மாவைக் கைத்தாங்கலா கூட்டிட்டு வா. பாவம், எவ்வளவு நேரம் வெயில்ல இருப்பா?"

எழுந்தேன். கதவுவரை போய்விட்டேன். கைப்பிடி கைக்குள் இருக்கிறது, திருப்ப முடியவில்லை. எங்கே போய் யாரைக் கூட்டிவருவேன்? திரும்பிப் பார்த்தேன். தங்கை மெதுவாகத் தலையை அசைத்தாள். சொல்லிவிடு.

வந்து அப்பாவின் காலடியில் உட்கார்ந்தேன். பிறந்ததிலிருந்து நான் அவ்வளவு மெதுவாகப் பேசியதில்லை.

"அப்பா, அம்மா காருல இல்லப்பா. அம்மா தவறி நாலு வருஷம் ஆச்சு."

அவர் என்னையே பார்த்தார். நம்பவில்லை. நான் அவசரக்காரி என்பது அவருக்குத் தெரியும். தங்கை பக்கம் திரும்பினார்.

"சின்னவளே, நீ சொல்லு."

"ஆமாப்பா" என்றாள். அதோடு நிறுத்துகிறவள் அன்று நிறுத்தவில்லை. "நாம மூணு பேரும் பக்கத்துலதான் இருந்தோம். நீங்க அம்மா கையைப் பிடிச்சிட்டிருந்தீங்க."

அப்பா தன் உள்ளங்கையைப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் சொல்றீங்க. அப்போ சரியாத்தான் இருக்கும்."

கண்ணாடியைக் கழற்றினார். அப்பா அழுது நான் இரண்டாம் முறையாகப் பார்த்தேன், இரண்டு முறையும் அதே சாவுக்கு.

வக்கீலம்மா பேனாவை மூடி வைத்தார். "இன்னைக்கு வேணாம்மா. டாக்டர் கிட்ட காட்டிட்டு, முடிஞ்சா இன்னொரு நாள் வாங்க" என்றார். முடிந்தால் என்ற சொல்லை மட்டும் தணிவாகச் சொன்னார். அந்த இன்னொரு நாள் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு படியிறங்கினோம். காரின் பின்கதவைத் திறந்தேன். அப்பா ஏறவில்லை. குனிந்து சீட்டின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை பார்த்தார். அவர் பார்த்து முடிக்கும்வரை நானும் தங்கையும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.