நாற்பதாவது கம்பம்

மின்கா அத்தை நாற்காலி மேல் ஏறிச் சுவர்க் கடிகாரத்தின் ஊசலைக் கையால் பிடித்து நிறுத்தினாள். மணி ஒன்று இருபத்தைந்து. இறங்கி வந்து, போகிற உயிர் போகட்டும் என்று ஜன்னலைத் திறந்துவிட்டாள். மார்ச் மாதக் குளிர் உள்ளே வந்தது. பிறகு அலமாரியிலிருந்து இரண்டு கறுப்புத் துணிகளை எடுத்து ஒன்றை நிலைக்கண்ணாடி மேல் போட்டாள், மற்றதை டிவி மேல். சாவு விழுந்த வீட்டில் கடிகாரம் ஓடக் கூடாது, முகம் தெரிகிற எதுவும் திறந்திருக்கக் கூடாது.

டிவியை அணைக்க மட்டும் நேஷா விடவில்லை.

"தம்பி இன்னும் இறங்கல அத்தை. சத்தமாவது இருக்கட்டும்."

அப்பா லோவ்ரோ சற்று முன்புதான் போனார். டிவியில் பனிச்சறுக்குப் பந்தயத்தின் இரண்டாம் ஓட்டம்; பதினைந்தாவது ஆள் இறங்கிக்கொண்டிருந்தான். போர்வை மேல் ஒற்றை விரலைத் தட்டித் தட்டி, சரிவில் வளைந்து கடக்க நட்டிருந்த கம்பங்களை எண்ணிக்கொண்டிருந்தவர், "நாற்பது..." என்றார். அடுத்த தட்டுக்கு விரலைத் தூக்கினார். கை அப்படியே சரிந்துவிட்டது.

முதல் ஓட்டத்தில் முந்தியவன் இரண்டாவதில் கடைசியாக இறங்க வேண்டும்; இன்று அது தம்பி காஷ்பெர். அதற்குள் இருபத்தொன்பது பேர் அதே வளைவுகளில் பனியைக் குடைந்து பள்ளமாக்கியிருப்பார்கள். எந்தக் கம்பத்தடியில் பள்ளம் ஆளைக் கவிழ்க்கும் என்று லோவ்ரோ டிவியைப் பார்த்தே சொல்லிவிடுவார். நவம்பரில் படுக்கையில் விழுந்ததிலிருந்து அவருக்கு இருந்த ஒரே வேலை அதுதான். பயிற்சியாளர்கள் வயர்லெஸ்ஸில் ஆயிரம் சொன்னாலும், மேட்டில் காஷ்பெருக்கு ஸ்கீ தீட்டிக் கொடுக்கிற ஆளின் போனுக்கு வீட்டிலிருந்து அந்தக் கம்பத்தின் எண் வந்தாக வேண்டும். எண்ணும், பக்கத்தில் 'கழுதை' என்ற ஒரு சொல்லும். ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தார், எண் போகவில்லை. அன்று காஷ்பெர் பதினோராவது கம்பத்தில் இடறி மலைச்சரிவில் உருண்டான். கழுத்து தப்பியது தெய்வச்செயல்.

இன்று சீசனின் கடைசிப் பந்தயம். வென்றால் சீசனின் மொத்தப் பரிசான பளிங்குக் கோளம் அவனுக்கு. இரண்டாவதாக வந்தால்கூடக் கிடையாது.

அப்பாவின் பட்டன் போன் நேஷாவின் கையில் இருந்தது. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. விஷயத்தைச் சொன்னால் அவன் எந்த மனதோடு இறங்குவான்? எண்ணே போகாவிட்டால் ஜனவரி நினைவு வந்து இறங்கும்போதே நடுங்குவான். நாற்பது என்று அனுப்பலாம். ஆனால் அப்பா சொல்லி முடித்தாரா, இல்லை எண்ணிக்கையில் பாதியா? இறந்தவர் பெயரில் தப்பான எண் போய்த் தம்பி விழுந்தால் அந்தப் பழியை எங்கே கொண்டுபோய்க் கழுவுவாள்?

துணிக்குப் பின்னால் வர்ணனையாளர் ஐயோ என்றார். இருபத்தொன்றாவது ஆள் விழுந்துவிட்டான். எந்தக் கம்பத்தில் என்று சொல்லவில்லை. துணியைத் தூக்கிப் பார்த்தாலும் அவளுக்கு என்ன விளங்கும்? மருந்துக் கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவள். காற்றில் துணி உப்பி உப்பி அடங்கியது, உள்ளே யாரோ மூச்சு விடுவதுபோல. இருபத்து நான்காவது ஆளும் விழுந்தான்.

அத்தை அப்பாவின் தாடையைத் துண்டால் கட்டிக்கொண்டே, திரும்பாமல் சொன்னாள்:

"எதையாவது அனுப்புடி. அவன் காத்துக்கிட்டு நிப்பான்."

'40. கழுதை' என்று அனுப்பினாள்.

காஷ்பெரின் பெயரைச் சொன்னார்கள். நேஷா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். இன்னும் சூடு இருந்தது. கம்பங்கள் காலிலும் கையுறையிலும் படபடவென்று அறைபடும் சத்தம். பாதிக்கு மேல் போனதும் வர்ணனையாளர் குழம்பினார்: ஏன் இங்கே வேகத்தைக் குறைக்கிறான், இங்கே ஒன்றுமில்லையே? பிறகு அவர் குரலே நின்றது. கூட்டம் மட்டும் ஓவென்றது. விழுந்ததற்கா, வந்ததற்கா என்று தெரியவில்லை. நேஷா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

நூறில் நாலு பங்கு வினாடி வித்தியாசத்தில் வென்றுவிட்டான்.

அழுகை அப்போதுதான் வந்தது. ஆனால் அழ நேரமில்லை. பந்தயம் முடிந்ததும் அவன் யாரிடமாவது போன் வாங்கி அப்பாவை அழைப்பான். இந்த வீட்டு டிவி எப்போதும் ஏழெட்டு வினாடி பின்தங்கித்தான் வரும். "இங்க பேசி முடிச்சிட்டான், அங்க இன்னும் போனையே வாங்கல பாரு," என்று அப்பா ஒவ்வொரு முறையும் சிரிப்பார்.

போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தாள்.

"அப்பா! நாற்பதுல ஒண்ணுமே இல்லையே, கிழட்டுக் கழுதை. நாற்பத்திரெண்டுலதான் குழி. நாற்பதுல அடக்கிட்டுப் போனதால பொழச்சேன். உங்களுக்கு எண்ணிக்கை தப்ப ஆரம்பிச்சிருச்சு." பெரிதாகச் சிரித்தான். "என்ன, திட்டக் காணோம்?"

கூரையிலிருந்து பனி சொட்டும் சத்தம்தான் போனுக்குள் போயிருக்கும்.

"அப்பா?" என்றான். பிறகு, குரல் இறங்கி, "கடிகாரச் சத்தத்தைக் காணோமே."

"நிறுத்திட்டோம்டா."

அந்தப் பக்கம் ஹெல்மெட் கீழே விழுந்து உருளும் சத்தம் கேட்டது. நேஷா எழுந்துபோய் டிவி மேலிருந்த துணியை இழுத்தாள்.

திரையில் காஷ்பெர் ஹெல்மெட்டைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, போனைக் காதில் வைத்துத் தலையைப் பின்னால் சாய்த்து இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான்.