மில்லிமீட்டர் ஒட்டிய அட்டைகள்

கடைசி அட்டையில் வெங்காயத் துணுக்குகளைப் பசை வைத்து ஒட்டிவிட்டு, கத்தியக்கா இரண்டடி பின்னால் நகர்ந்து அடுப்படிச் சுவரைப் பார்த்தாள். மொத்தம் ஒன்பது அட்டைகள். ஒவ்வொன்றிலும் மேலே ஓர் ஆங்கிலச் சொல், கணவரின் கையெழுத்தில். கீழே அந்தச் சொல்லுக்கு ஏற்றபடி வெட்டிய ஒரு காய்த் துண்டு. ஸ்லைஸுக்கு வெள்ளரிக்காய் வில்லை. வெட்ஜுக்கு எலுமிச்சைக் கீற்று. ஷ்ரெட்டுக்கு முட்டைக்கோஸ் சீவல். யாரோ காய்கறிகளுக்குப் பள்ளிக்கூடம் வைத்தது போலிருந்தது. நாற்பத்து நாலு வயசில் ஒண்ணாம் வகுப்பு என்று நினைத்ததும் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சமையலறையில் பதினோரு வருஷமாக அவள் காய் வெட்டுகிறாள். கத்தியக்கா என்ற பட்டம் அங்கே கிடைத்ததுதான். இத்தனை காலமும் வேலை கையிலேயே நடந்தது. கொதிக்கிற அண்டாக்களும் புகைபோக்கிகளும் போடுகிற இரைச்சலில் யார் பேசினாலும் காதில் விழாது என்பதால், தலைமைச் சமையல்காரர் தூரத்திலிருந்தே விரலைக் காட்டுவார். சுண்டுவிரல் நகத்தைக் காட்டினால் அந்த அளவு. கட்டைவிரலின் மேல் கணுவைத் தொட்டுக் காட்டினால் அந்த அளவு. இரண்டு விரலைச் சேர்த்து நீட்டினால் பெரிய துண்டம். அவள் தலையை ஆட்டிவிட்டு வெட்ட ஆரம்பிப்பாள். ஆயிரம் துண்டில் ஒரு துண்டு பிசகாது.

போன மாதம் அவர் ஓய்வு பெற்றுப் போனார். அவர் இடத்துக்கு ஆள் வரவில்லை; திரை ஒன்று வந்தது. கூடவே ஒரு புது மேலாளர் அம்மா, வட்டக் கண்ணாடி போட்டவர். இனிமேல் என்ன காய், எவ்வளவு, எப்படி வெட்ட வேண்டும் என்பதெல்லாம் அந்தத் திரையில் ஆங்கிலத்தில் வரும். எந்தச் சொல்லுக்கு எத்தனை மில்லிமீட்டர் என்று ஒரு தாளும் கொடுத்தார்கள். இருபத்தோரு நாளில் ஒரு பரீட்சை. தேறினால் வெட்டுமேஜை, தேறாவிட்டால் பாத்திரம் கழுவும் பகுதி. சம்பளம் ரெண்டுக்கும் ஒன்றுதான் என்று மேலாளர் சொன்னார், அதில் என்ன வருத்தம் இருக்க முடியும் என்பது போல.

வருத்தம் இருந்தது. பாத்திரம் கழுவுவது மட்டமான வேலை என்று அவள் நினைக்கவில்லை; அவளுடைய நெருங்கின சிநேகிதியே அங்கேதான் இருக்கிறாள். ஆனால் பலகையில் கத்தி விழும் அந்த டக் டக் டக்கில் அவள் மனசு ஒரு மாதிரி அடங்கும். வீட்டுக் கவலை, முதுகு வலி, மகன் போன் பண்ணாத கோபம் எல்லாம் கேரட்டோடு சேர்ந்து துண்டு துண்டாகி ஓரமாய் ஒதுங்கிவிடும். ஒரு நாளில் அந்த மூன்று மணி நேரம் அவளுக்கு வேண்டும். அதை யாருக்கும் விட்டுக்கொடுக்க அவளுக்கு மனசில்லை.

ஆங்கில எழுத்துகள் அவளுக்குத் தெரியும். பஸ் பலகையை எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவாள். சொல்லைப் பார்த்தவுடன் பொருள் வருவதுதான் தகராறு. அதற்குத்தான் இந்த அட்டைகள். யோசனை அவளுடையது, கையெழுத்தும் அளவும் கணவருடையது.

கணவர் டைல்ஸ் கடையில் வெட்டுகிறவர். கடையில் அவருக்கு மில்லிமீட்டர் என்று பெயர். குளியலறை மூலைக்கு ஒரு துண்டு வெட்ட வேண்டுமென்றால்கூட மூன்று தடவை அளப்பார். கல்யாணமான புதிதில் தோசைக்கு வட்டம் சரியில்லை என்று சொல்லி, ஒரு வாரம் தானே சுட்டுத் தின்ற மனுஷன். மேலாளர் கொடுத்த தாளைப் பார்த்து ஒவ்வோர் அட்டையின் மூலையிலும் முப்பது, இருபது, பத்து என்று எறும்பு ஊர்கிற மாதிரி குட்டியாக எழுதி வைத்தார். அவள் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவளுக்கு அளவு என்றால் விரல்தான்.

"முதல்ல வடிவத்தப் படி. ஸ்லைஸ், வெட்ஜ், ஷ்ரெட், ஸ்ட்ரிப், அப்புறம் இந்த ஜூலியன்" என்றார் அவர், அட்டைகளை ஸ்கேலால் தட்டிக்காட்டி.

"ஜூலியன்னா யாருங்க, உங்க சித்தப்பா மகனா?"

"விளையாடாத. தீக்குச்சி மாதிரி வெட்டணும். கட்டி கட்டியா இருக்கிற நாலையும் கடைசில பாத்துக்கலாம். அது வெறும் அளவுதான், ஒரே நாள்ல வந்துரும்."

அந்த நாலு இவை: சங்க், க்யூப், டைஸ், மின்ஸ். பெரிசிலிருந்து பொடிசு வரை. ஒட்டும்போது அவள் சங்குக்குப் பூசணி, க்யூபுக்கு உருளை, டைஸுக்குக் கேரட், மின்ஸுக்கு வெங்காயம் என்று வைத்திருந்தாள். ஒட்டினதோடு சரி, முதல் இரண்டு வாரம் அந்த நாலின் பக்கம் போகவே இல்லை. சாயங்காலம் வேலை முடிந்து வந்து, அடுப்பில் உலை வைத்துவிட்டு, வடிவங்களையே உருப்போட்டாள். கணவர் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லைச் சொல்வார். அவள் காற்றில் கத்தியை வீசிக் காட்டுவாள். ஒரு நாள் வெட்ஜ் என்றதும் அவள் வீசின வீச்சில் அவர் நாற்காலியை ஓரடி தள்ளிப் போட்டுக்கொண்டார். கல்யாணமாகி இருபத்து மூன்று வருஷம்; இவ்வளவு பேசிச் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று இரண்டு பேருக்குமே உள்ளூரத் தோன்றியது.

இரண்டாவது வாரக் கடைசியில், அவள் வேலைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், காய்ந்து சுருண்ட துண்டுகள் பசை விட்டு ஒவ்வொன்றாக உதிர்ந்தன. கணவருக்கு அன்று அரை நாள் விடுமுறை. பொறுக்கியெடுத்து அவரே திரும்ப ஒட்டி வைத்தார். அவள் வந்ததும் அவளைச் சுவர் எதிரே நிறுத்தி, மார்க்கு வாங்கின பிள்ளை மாதிரி நின்றார்.

"எல்லாத்தையும் ஸ்கேல் வச்சு அளந்து, எது எதோட அட்டைன்னு பாத்து ஒட்டிருக்கேன். சங்கோட துண்டத்தான் காணோம். எங்கயாவது உருண்டு போயிருக்கும். அதுக்கு ஒரு முள்ளங்கிய முப்பது மில்லிக்கு வெட்டி வச்சிட்டேன்."

"உங்களுக்குத்தான் எவ்வளவு பொறுமை" என்றாள் அவள். நிஜமாகவே மனசு நிறைந்துதான் சொன்னாள்.

மூன்றாவது வாரம் அந்த நாலையும் படித்தாள். க்யூப் என்றால் பூசணி. டைஸ் என்றால் உருளை. காய்ந்து கறுத்துப்போன துண்டுகள்தான். ஆனால் வற்றிப்போன துண்டைப் பார்த்தாலே அது பச்சையாக இருந்தபோது எவ்வளவு இருந்தது என்று அவள் கைக்குத் தெரியும். பதினோரு வருஷக் கை. டைஸ் அட்டையின் உருளையைப் பார்த்தாள். கட்டைவிரல் கணு என்று மனசில் எழுதிக்கொண்டாள். ஒரே நாளில் வந்துவிட்டது, அவர் சொன்ன மாதிரியே.

பரீட்சை வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு. மேலாளர் கையில் ஒரு கோப்போடு மேஜைக்கு எதிரே நின்றார். யாரையும் எதையும் கேட்கக்கூடாது, திரையைப் பார்க்க வேண்டும், வெட்ட வேண்டும், அவ்வளவுதான். பாத்திரப் பகுதியிலிருந்து சிநேகிதி எட்டிப் பார்த்து, கண்ணாலேயே தைரியம் சொல்லிவிட்டுப் போனாள்.

திரையில் வெள்ளரிக்காய் வந்தது. ஸ்லைஸ். வில்லை வில்லையாகச் சாய்ந்து விழுந்தது. எலுமிச்சை, வெட்ஜ். முட்டைக்கோஸ், ஷ்ரெட். குடமிளகாய்க்கு அந்த ஜூலியன் வந்தபோது சித்தப்பா மகனின் ஞாபகம் வந்து உதட்டைக் கடித்துக்கொண்டாள். மேலாளர் ஒவ்வொன்றுக்கும் ஒரு டிக் போட்டார். பேனா தாளில் உரசும் சத்தம் அவ்வளவு இரைச்சலிலும் அவளுக்குக் கேட்டது.

ஐந்தாவது: கேரட், இரண்டு கிலோ, டைஸ். கீழே சூப் என்று இருந்தது. இருபது நிமிஷம்.

டைஸ், உருளை, கட்டைவிரல் கணு. கத்தி ஓடியது. முக்கால்வாசி முடிகிற வரைக்கும் அவளுக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. பிறகு, வெட்டினதை ஒதுக்கித் தள்ளும்போது, பக்கத்து மேஜையில் அடுக்கியிருந்த சூப் கிண்ணங்கள் கண்ணில் பட்டன. கிண்ணத்துக்கு ஒரு ஸ்பூன். அவள் கை தானாக நின்றது.

இந்தத் துண்டு ஒன்றை வைத்தாலே அந்த ஸ்பூன் நிறைந்துவிடும். அறுவைச் சிகிச்சை முடிந்து படுத்திருக்கிறவர், பல்லில்லாத கிழவர், இவர்களெல்லாம் இதை எப்படி மென்று விழுங்குவார்கள்? பழைய சமையல்காரர் சூப்புக்கு எப்போதும் சுண்டுவிரல் நகத்தைத்தான் காட்டுவார். ஒருவேளை புது மாதிரியோ? திரையும் புதிது, கிண்ணமும் புதிது, அளவும் புதிதாக இருக்கலாம். கேட்கவும் கூடாது. அட்டை ஒன்று சொல்கிறது, ஸ்பூன் ஒன்று சொல்கிறது. அட்டையைத்தானே மூன்று வாரம் படித்தாய் என்று ஒரு குரல். அவர் அளந்து ஒட்டினது ஆயிற்றே, அவர் அளவு தப்புமா?

அளந்து ஒட்டினார்.

அவளுக்குச் சட்டென்று அந்த மத்தியானம் கண்முன்னே வந்தது. மனுஷன் தரையில் குந்தி, காய்ந்து பாதியாகிப்போன துண்டுகளுக்கு ஸ்கேல் வைத்து அளந்திருக்கிறார். உருளை வற்றிப் பத்து மில்லி ஆகியிருக்கும், பத்து என்று எழுதின அட்டை டைஸ், ஒட்டிவிட்டார். பூசணி வற்றி இருபது. அது க்யூபுக்குப் போய்விட்டது. கேரட் இன்னும் வற்றி வெங்காயத்தோடு மின்ஸுக்குப் போயிருக்கும். சங்க் அட்டையுடைய துண்டு காணாமல் போகவே இல்லை, பக்கத்து அட்டையில் உட்கார்ந்திருந்தது. அவர் அளந்ததும் சரி. காய்ந்த துண்டைப் பார்த்து அவள் பச்சைத் துண்டைக் கண்டதும் சரி. இரண்டு சரியும் சேர்ந்து அவளைக் கவிழ்க்கப் பார்த்திருக்கிறது.

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மேலாளர் நிமிர்ந்து பார்த்தார். கடிகாரத்தில் ஏழு நிமிஷம் மிச்சம். பெரிசாக வெட்டினதைச் சின்னதாக்கிவிடலாம். நல்லவேளை, தப்பு அந்தப் பக்கமாக நடந்திருந்தது. ஒவ்வொரு கட்டியையும் குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று, படுக்க வைத்து ஒன்று. ஒன்று எட்டாயிற்று. குவித்துப் பிடித்து வெட்டினாள். டக் டக் டக் என்ற சத்தத்தில் பயமும் கொஞ்சம் கொஞ்சமாக ஓரம் ஒதுங்கிப் போனது. முடித்துக் கத்தியை வைத்தபோது நேரம் தாண்டி மூன்று நிமிஷம்.

மேலாளர் ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"ஏன் திரும்ப வெட்டுனீங்க? மொதல்ல படிக்கத் தெரியலையா?"

"படிச்சேன் மேடம். ஸ்பூனப் பாத்தேன். அப்புறம்தான் எங்க வீட்டுக்காரர் ஞாபகம் வந்துச்சு."

அதற்கு மேல் மறைத்துப் பிரயோஜனம் இல்லை என்று அட்டை, பசை, பூசணி, ஸ்கேல் எல்லாவற்றையும் சொன்னாள். மேலாளர் கடைசி வரை முகத்தை இறுக்கமாக வைத்திருந்தார். முள்ளங்கி வந்த இடத்தில் முடியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு கோப்பைத் திறந்து, திங்கட்கிழமைப் பணிப் பட்டியலில் வெட்டுமேஜைக்கு நேரே அவள் பெயரை எழுதினார், பென்சிலால்.

"நேரம் தாண்டிடுச்சு, அதனால பேனா இல்ல. ஒரு மாசம் பாக்கலாம். திங்கக்கிழமை அந்த அட்டைய எடுத்துட்டு வாங்க. மத்தவங்களும் பாக்கட்டும்" என்றார். ஓரடி நடந்துவிட்டுத் திரும்பி, "சரியா ஒட்டி" என்றார்.

சாயங்காலம் கணவர் வாசலிலேயே நின்றிருந்தார். செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டார்.

"எல்லாம் அட்டைல இருந்த மாதிரிதானே வந்துச்சு?"

சொல்லாமல் விட்டுவிடலாமா என்று பஸ்ஸில் வரும்போது யோசித்திருந்தாள். மூன்று வாரம் உடனிருந்து உழைத்த மனுஷன். ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் அவளால் சும்மா இருக்க முடியவில்லை. சொன்னாள். அவர் விறுவிறுவென்று உள்ளே போய்ச் சுவர் முன்னால் நின்றார். உருளையைப் பார்த்தார், பூசணியைப் பார்த்தார்.

"நான் அளந்துதானே ஒட்டினேன்!"

"யார் இல்லேன்னது? காயும் டைல்ஸும் ஒண்ணாங்க? டைல்ஸ் என்னிக்காவது வத்திப் பாத்திருக்கீங்களா?"

அவர் உருளைத் துண்டை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பிறகு, "பென்சில்னா அழிச்சிருவாங்களே" என்றார், மெதுவாக.

"அழிக்க விட்டாத்தானே."

அவர் கொல்லைப்பக்கம் போனார். கடையிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த டைல்ஸ் துண்டுகளைத் தேடியெடுத்து, இடுக்கியால் உடைத்து உரசிக்கொண்டிருந்தார். முப்பது, இருபது, பத்து. ஒவ்வொன்றையும் மூன்று தடவை அளந்தார். கனம் போதாததற்கு ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டினார். அவள் உள்ளே உலை வைத்தாள். உரசுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அதையும் அவள் காது டக் டக்கோடு சேர்த்துக்கொண்டது.

கைநிறைய வெள்ளைத் தூசியோடு அவர் வந்து, கட்டிகளை மேஜையில் வரிசையாக வைத்தார். அவள் ஒரு கேரட்டை எடுத்துக் கழுவி, சுண்டுவிரல் நகத்தைக்கூடப் பார்க்காமல் ஒரு துண்டு வெட்டினாள். அதைக் கடைசிக் கட்டியின் பக்கத்தில் வைத்தாள். இரண்டு பேரும் குனிந்து, கன்னம் மேஜையில் படுகிற அளவுக்குத் தாழ்ந்து பார்த்தார்கள். வெள்ளையும் ஆரஞ்சும் ஒரே உயரத்தில் நின்றன.

அவர் ஸ்கேலைத் தேடிச் சட்டைப்பையில் கைவிட்டார். அதற்குள் அவள் கேரட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.